வன்னிமைகளும் நைட் வீரர்களும்

இலங்கையின் வன்னிப் பகுதியை ஆண்ட தலைவர்களான வன்னிமைகளை இடைக்கால ஐரோப்பாவின் நைட் வீரர்களுக்கு ஒப்பிடுவது பெரும் பிழை. நைட், பிரபுவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர். பெற்ற நிலத்துக்கு ஈடாகக் குதிரையும் கவசமுமாக, வழக்கப்படி ஆண்டுக்கு 40 நாள் போருக்குப் போனவர். ஏழு வயதில் பிரபுவின் வீட்டில் ஏவலாளாகத் தொடங்கி, 21 வயதளவில் வாள் பெற்றவர்.

வன்னிமையோ தன் பற்றின், அதாவது தன் நிலப் பிரிவின், ஆட்சியாளர். யாழ்ப்பாண அரசுக்கும் பின்னர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாக யானை கொடுத்தார். கொடுக்க மறுத்த காலங்களும் உண்டு. முல்லைத்தீவில், 1803 ஓகஸ்டில் ஆங்கிலேயரின் கோட்டையை வன்னித் தலைவர் பண்டாரவன்னியன் கைப்பற்றினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கிடம் அவர் தோற்றதைச் சொல்லும் கல், கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. நிலத்துக்காகச் சேவகம் செய்தவரின் கதையல்ல இது. அந்த ஒப்பீட்டைக் கைவிடுவதே நியாயம்.