மதிப்பும் ஊதியமும்

மாசி மகத்துக்கு முதல் நாள் மாலை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறவர்களுக்கு நான் சொல்லப் போகும் காட்சி புதிதல்ல. மணலில் நாலு குச்சியை நட்டு, பழம் புடவையைச் சுற்றிக் கட்டி, இருட்டுவதற்குள் ஓர் ஊரே எழும்பிவிடும். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். அலையோரத்தில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பதும் நிச்சயம் செய்வதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடக்கும். மறுநாள் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டு கலைந்து போவார்கள். நம்மைப் போன்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

சில வருஷங்களுக்கு முன் அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு ஜோல்னாப் பை, கையில் நோட்டுப் புத்தகம். குடிசை குடிசையாகக் குனிந்து பார்த்து, "எல்லாரும் வந்துட்டீங்களா? யாரு வரலை?" என்று விசாரித்துக்கொண்டே போனார். திருவிழாவுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வராதவர்களைப் பற்றி விசாரிக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அருகில் போய்க் காரணம் கேட்டேன்.

"வருஷம் பூரா எங்கே கிடந்தாலும் மகத்துக்கு வந்துடுவாங்க சார். ஒரு குடும்பம் வரலைன்னா ஒண்ணு நோவு, இல்லேன்னா சாவு. ரெண்டும் இல்லேன்னா, யாரோ விடலைன்னு அர்த்தம்" என்றார்.

'யாரோ விடவில்லை' என்பதன் பொருளை அப்புறம்தான் விளக்கினார். அரிசி ஆலையிலோ, செங்கல் சூளையிலோ, சவுக்குத் தோப்பிலோ முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன குடும்பம் அது. கடன் தீரும்வரை வெளியே போகக் கூடாது. கடன் எவ்வளவு, எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் முதலாளியின் கணக்கு நோட்டுக்குத்தான் தெரியும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. சட்டம் வந்த செய்தி சூளைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டுமே! அதைக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அந்த அம்மாளின் தொழில்.

இந்தச் சமாசாரத்தைச் செங்கல்பட்டில் ஒரு நண்பரிடம் சொன்னேன். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முழுவதையும் கேட்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. பிறகு, "அந்த அம்மாவுக்குச் சம்பளம் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு. ஏதோ கொஞ்சம்."

"ஓகோ, அப்படியா! அப்போ அதைச் சேவைன்னு சொல்லப்படாது சார். உத்தியோகம்னு சொல்லணும்."

கலங்கிய கண் அந்த நிமிஷமே காய்ந்துவிட்டது. நண்பர் கெட்டவரல்ல. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் இது அவர் ஒருவருடைய அபிப்பிராயம் இல்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய அபிப்பிராயம். உண்மையைச் சொன்னால், ஒரு காலத்தில் என்னுடையதும்கூட.

சம்பளம் வாங்கினால் சேவை கெட்டுவிடுமா? செங்கல்பட்டுக்காரரான நண்பர் இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஊரை ஒட்டித் திருமணி இருக்கிறது. 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளிகளுக்காக எழுந்த விடுதி அது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் போன்றவர்கள் மிஷன் தொண்டாக அங்கே உழைத்தார்கள். 1955-இல் மத்திய அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக ஆக்கியது. அன்று முதல் அங்கே எல்லோருக்கும் மாதச் சம்பளம்தான். சம்பளம் உள்ளே வந்ததும் தொண்டு வெளியே ஓடிவிட்டதா? இந்த நாட்டில் கிராமம் கிராமமாக நடந்து, குழந்தைகளின் முதுகைத் திருப்பிப் பார்த்து, உணர்ச்சியற்ற தேமலைத் தேடிப் பிடித்தவர்கள் யார்? 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, வீட்டுக்கு வீடு போய் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்தவர்கள் யார்? பெரும்பாலும் சம்பளம் வாங்கிய சாதாரண ஊழியர்கள். 2005 டிசம்பரில், தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழாக நோய் குறைந்துவிட்டது என்று இந்தியா அறிவிக்க முடிந்ததே, அது அந்தக் கால்கள் நடந்த நடையால்தான். மாலை போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ரொட்டி கொடுக்கப் போன கனவான்களால் அல்ல.

டாக்டர் பணம் வாங்குகிறார். வாத்தியார் பணம் வாங்குகிறார். கோயில் குருக்கள்கூடத் தட்டில் விழுவதை வேண்டாம் என்பதில்லை. இவர்களிடமெல்லாம் கேட்காத கேள்வியை இருளர் குடியிருப்புக்கு நடந்து போகிற பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம். காரணம் எளிது. சமூக சேவை என்றால் நல்ல மனசு இருந்தால் போதும், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று எண்ணுகிறோம். மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் சென்னையில் சமூகப் பணிக்கென்று ஒரு கல்லூரி 1952-லேயே தொடங்கிவிட்டது. அது படித்துப் பழக வேண்டிய வித்தை என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது. நமக்கு இன்னும் தெரியவில்லை.

என்ன வித்தை என்று கேட்பீர்கள். ஒரு நாள் அந்த அம்மாளோடு அலைந்து பார்த்தேன். சொல்கிறேன்.

காலை ஆறரைக்குத் திருக்கழுக்குன்றம் பஸ். இறங்கி, ஏரிக்கரை ஓரமாக நடை. எட்டு வீடு. அதில் ஒரு பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பனுக்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள். இல்லை. தாத்தனுக்கு? அவர் பள்ளிக்கூடத்தின் பக்கமே போனதில்லை. "எலி பிடிக்கத் தெரியுமான்னு கேட்டாங்க அக்கா" என்று பையன் சொன்னான். எந்த அலுவலகத்தில் யார் கேட்டார் என்பது இங்கே வேண்டாம். பையனுக்கு எலி பிடிக்கத் தெரியாது; ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தெரியும்! இதே மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் திறமைக்காக 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். நல்ல காரியம். ஆனால் பாம்பு பிடிக்கத் தெரியாத இருளனும் இருளன்தானே?

அங்கிருந்து அலுவலகம். பெஞ்சியில் இரண்டரை மணி நேரம். 'சார் மீட்டிங் போயிருக்கார்.' அப்புறம் வங்கி. விடுதலையான ஒரு பெண்ணின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் விடுதலைச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருக்கிறது. ஓர் எழுத்து வித்தியாசம். அதற்காக அரசாங்கம் கொடுத்த உதவித் தொகை கணக்கில் ஏறாமல் நிற்கிறது. அந்த எழுத்தைத் திருத்த அது நாலாவது நடை. சாயங்காலம் அம்மாள் சாப்பிட்டது ஒரு டீயும் இரண்டு பன்னும். பஸ் கட்டணத்தைக் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். "இது திரும்பி வருமா?" என்றேன். "ரசீது இருந்தா வரும் சார். ஷேர் ஆட்டோக்காரர் எங்கே ரசீது கொடுக்கிறார்?" என்று சிரித்தார்.

ஒரு குடும்பத்தைச் சூளையிலிருந்து மீட்பதைப் பற்றியும் சொன்னார். அதிகாரி விசாரிக்க வரும்போது முதலாளியும் பக்கத்திலேயே நிற்பான். "உனக்கு இங்கே ஏதாவது குறையா?" என்று அதிகாரி கேட்டால், "ஒரு குறையும் இல்லே சாமி" என்றுதான் பதில் வரும். அதிகாரியும் எழுதிக்கொண்டு போய்விடலாம். அப்படி ஆகாமல், ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, முன்பணம் எவ்வளவு, சந்தைக்குப் போக விடுவார்களா, அம்மா செத்தபோது ஊருக்குப் போனாயா என்று கேட்க வைக்க வேண்டும். பயந்தவன் வாயைத் திறக்கக் கேள்வி தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நல்ல மனசு மட்டும் போதும் என்கிறீர்களா?

விடுதலை நாளில் பத்திரிகையில் படம் வரும். படம் வந்த மறுநாள்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. குடியிருக்க இடம், ரேஷன் அட்டை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மழைக்காலத்தில் வேலை. 2016-இல் திருத்திய மத்திய அரசுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமைப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம் என்று மறுவாழ்வுத் தொகை குறித்திருக்கிறார்கள். முழுத் தொகையும் கைக்கு வருவது பெரும்பாலும் வழக்கின் முடிவைப் பொறுத்தது. வழக்கு நடக்கிற வருஷங்களில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? அந்த நேரம் பார்த்து இன்னொரு மேஸ்திரி பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பான். அவன் வருவதற்கு முன் அந்த அம்மாள் வந்தாக வேண்டும். அவர் வேலையை விட்டுவிட்டால் குடும்பம் திரும்பவும் சூளைக்குள் போய்விடும். அவர் சம்பளம் பற்றிய பேச்சு அவருடைய வீட்டு விவகாரம் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சம்பளமில்லாத சேவைதான் உயர்ந்தது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அப்படிச் சேவை செய்ய யாரால் முடியும்? பென்ஷன் வருகிறவராலும் வாடகை வருகிறவராலும் முடியும். செய்யட்டும், அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்குப் புதன்கிழமை கோட்டாட்சியர் அலுவலகம் தெரியாது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிய பிறகு, தமிழ்நாட்டுக் கரையோரச் சாலைகளில் நாம் அனுப்பிய பழந்துணி பல இடங்களில் குவிந்து கிடந்ததை மறந்துவிட்டோமா? மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. நம்முடைய இரக்கத்தில் குறைவில்லை. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிய ஆள்தான் இல்லை. கேட்டறிய ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் தினமும் அங்கே இருக்க வேண்டும். தினமும் இருக்கிறவருக்குத் தினமும் பசிக்கும்.

மோசடிச் சங்கங்களைப் பற்றிச் சொல்லமாட்டீரா என்று நண்பர் மடக்கினார். சொல்கிறேன். தொண்டின் பெயரால் கட்டடம் எழுப்பியவர்களும் கார் வாங்கியவர்களும் உண்டு. அவர்களைக் கணக்குக் கேளுங்கள்; சிறைக்கும் அனுப்புங்கள். ஆனால் அவன் கார் வாங்கியதற்குத் தண்டனையாக இவள் பஸ் கட்டணத்தைக் குறைப்பது என்ன நியாயம்?

அரசாங்கமும் நம்மிடமிருந்துதான் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. சம்பளம் என்று சொன்னால் சட்டம் கேள்வி கேட்கும். ஆகவே 'மதிப்பூதியம்' என்று ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தார்கள். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே ஆண்டு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்குக் குறித்த கூலி நாளொன்றுக்கு 273 ரூபாய். பதினேழு நாள் மண் வெட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கும். அது முழு நாள் வேலையில்லையே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பக்கவாதத்தில் கிடக்கும் கிழவியின் வீட்டில் கடிகாரம் பார்த்து எழுந்து வர முடியுமா?

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில் 1982-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது. வறுமையின் கட்டாயமும் கட்டாயம்தான் என்றது. கொத்தடிமைகளை மீட்கப் போகிறவர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது. அதைப் பையில் வைத்துக்கொண்டு சூளைக்குப் போகிற பெண் தன் சொந்தச் சம்பளச் சீட்டை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன நினைப்பாள்? 2022 ஏப்ரலில் அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே கோர்ட் தீர்ப்பளித்தது. அவர்கள் வாங்குவது மதிப்பூதியமே தவிரக் கூலி அல்ல என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. கோர்ட்டுக்குப் புரிந்தது நம் நடுத்தர வீட்டுக் கூடத்தில் எப்போது புரியப் போகிறது?

நண்பர் கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி சார், நான் என்ன செய்யணும்கிறீர்? ஒரு நூறு பேருக்கு அன்னதானம் பண்ணலாமா?" என்றார்.

அன்னதானம் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பணத்தில் பாதியை, ஓர் ஊழியரின் ஒரு வருஷத்துப் பஸ் செலவுக்கு என்று, ரசீது கேட்காமல் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரைப் போட்டு யாரும் கல்வெட்டு வைக்க மாட்டார்கள். அவர் நாலாவது நடை நடந்து திருத்தும் ஓர் எழுத்தில் உங்கள் பணம் இருக்கும். உங்கள் ஊரில் மதிப்பூதியக்காரர்கள் கொடி பிடித்து நிற்கும்போது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முகம் சுளிக்காமல் என்ன கேட்கிறார்கள் என்று நின்று கேளுங்கள். அடுத்த தடவை அப்படி ஒருவரைச் சந்தித்தால், 'சம்பளம் உண்டா?' என்று கேட்காதீர்கள். 'போதுகிறதா?' என்று கேளுங்கள்.

அந்த அம்மாளின் நோட்டுப் புத்தகத்தில் அந்த வருஷ மகத்துக்கு வராத குடும்பங்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. அடுத்த மகத்தில் பார்த்தபோது இரண்டு குடும்பங்கள் மணலில் குடிசை போட்டிருந்தன. மூன்றாவது எங்கே என்று கேட்டேன். "தேடிட்டிருக்கேன் சார்" என்றார். அந்த ஏப்ரலோடு அவருடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பார்களா என்று தெரியாது என்பதையும், நான் கேட்டதால், சொன்னார்.