அக்காவின் வருகைப் பதிவு

பள்ளி வாழ்வில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு ஓர் எவர்சில்வர் தம்ளர். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்தமைக்காகக் கொடுத்தார்கள். அதில் காப்பி குடிக்கும் உரிமை வீட்டில் எனக்கு மட்டுமே உண்டு. அந்தத் தம்ளரை உண்மையில் சம்பாதித்தவர் யார் என்ற கேள்வி எனக்குள் எழ முப்பது ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றும் ஊர். கணக்கு முடிக்கும் நாள் நெருங்கி, தட்டில் பீடி குறைவாக இருந்தால் அன்று அக்கா பள்ளிக்குப் போகமாட்டாள். இலை வெட்டுவாள், சுற்றிய பீடியின் வாயை மடக்குவாள், நடுவே தம்பியின் தொட்டிலையும் ஆட்டிவிடுவாள். மறுநாள் அவள் கொண்டுபோகும் விடுப்புக் கடிதத்தில் எப்போதும் வயிற்றுவலிதான். அவளே எழுதினால் டீச்சருக்குக் கையெழுத்து தெரிந்துவிடும் என்பதால் நான் எழுதுவேன்; அம்மா கைநாட்டு வைப்பாள். எத்தனை வயிற்றுவலிகளை எழுதினேன் என்று நினைவில்லை. ஏழாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. நிறுத்தினார்கள் என்று சொல்வது சரியாகாது. எங்கள் வீட்டில் யாரும் அப்படியொரு முடிவை எடுக்கவே இல்லை.

இதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'இடைநிற்றல்' என்ற அரசாங்கச் சொல், என்றோ ஒரு நாள் ஒரு குழந்தை வாசலில் நின்றுவிடுவதைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. அது அப்படி நிகழ்வதில்லை. தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மாதம் இரண்டு நாள் விடுப்பு என்றால் யாருக்கும் உறுத்தாது. பத்து மாதத்துக்கு அது 20 நாள். ஐந்தாம் வகுப்பை முடிக்கும்போது 100 நாள், அதாவது அரை ஆண்டுப் படிப்பு. அந்த இரண்டு நாட்களில்தான் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். திரும்பி வரும் பிள்ளைக்குக் கரும்பலகையில் நடப்பது புரியாது. புரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது அவமானம். அவமானத்துக்கு மருந்து இன்னொரு நாள் விடுப்பு. அக்கா கடைசியில் தானாகவேதான் 'நான் போகலை' என்றாள். அதை அவளுடைய விருப்பம் என்று நாங்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

குழந்தையைப் பள்ளிக்கு இழுக்க அரசு செய்யக்கூடியதைத் தமிழ்நாட்டில் ஓரளவு செய்தே இருக்கிறார்கள். 1950களில் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு, இடையில் சைக்கிள், பஸ் பாஸ், சீருடை. பெற்றோரின் கடமையைச் சட்டமும் சொல்லியிருக்கிறது. 2002இன் 86ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமைகளில் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவும் அதையே பேசுகிறது. தவறினால் தண்டனை என்று அதில் இல்லை. இங்கிலாந்தில் காரணமின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 2024 ஆகஸ்ட் முதல் 80 பவுண்டு அபராதம். நம் ஊரில் அபராதம் போட்டால், அதைக் கட்ட அந்தப் பிள்ளையே இன்னும் இரண்டு நாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே அந்த வழி வேண்டாம்.

எனில் பெற்றோர் என்ன செய்ய முடியும்? முதலில் அந்தப் பொய்க் கடிதத்தை நிறுத்தலாம். 'கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை' என்று உண்மையை எழுதியிருந்தால் அக்காவின் டீச்சர் என்ன செய்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். பக்கத்திலேயே பால்வாடி இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு நல்ல மனுஷி அவர். வயிற்றுவலிக்கு அவர் என்ன செய்ய முடியும்? நாங்களே அவர் கையைக் கட்டிப்போட்டோம்.

பொய்யான வயிற்றுவலி இருப்பதைப் போலவே, பெரியவர்கள் பொய்யென்று தள்ளிவிடும் வயிற்றுவலியும் உண்டு. திங்கட்கிழமை காலைதோறும் வயிறு வலிக்கிறது என்கிற பிள்ளையை முதுகில் ஒன்று வைத்து அனுப்புவது சுலபம். அந்த வலிக்குப் பின்னால் ஓர் ஆசிரியரின் பிரம்பு இருக்கலாம், சாதியைச் சொல்லிக் கூப்பிடும் பக்கத்துப் பையன் இருக்கலாம், கதவில்லாத கழிப்பறை இருக்கலாம். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் மாதம் மூன்று நாள் வராத பெண்ணின் பெயருக்கு நேரே பதிவேட்டில் விழுவது 'வரவில்லை' என்பதற்கான குறி மட்டுமே. இன்று அதைக் கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். காரணத்தை அந்தச் செயலியும் கேட்காது, பெற்றோர்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு இடமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நான் பார்த்த கூட்டங்களில் தாய்மார்கள் வந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேசினால் பிள்ளையின் மீது பாயும் என்ற அச்சம் அவர்களுக்கு.

ஏழைகளைப் பற்றி மட்டும் பேசி முடித்தால் அது அயோக்கியத்தனம். நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்காகப் பிள்ளையைப் பெயருக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு, போகாத நாட்களுக்கும் வருகை போடவைக்கும் பெற்றோர் நம் நடுவே இருக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2024 நவம்பரில், இப்படி மாணவர்களே வராத 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்துசெய்தது. என் அம்மா வைத்தது கைநாட்டு. இவர்கள் கொடுப்பது காசோலை. எழுதப்படும் பொய் ஒன்றுதான். அம்மாவுக்காவது அது பொய்யென்று தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை ஒழித்துவிடலாம். அந்தத் தம்ளருக்காக நான் காய்ச்சலோடு போய்ப் பெஞ்சில் தலைசாய்த்துக் கிடந்த நாட்கள் உண்டு. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காய்ச்சலைக் கொடுத்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். முகூர்த்தம் ஒரு புதன்கிழமை அமைந்தது. தாய்மாமன் வீட்டு விசேஷத்துக்கு அக்கா மகளோடு முந்தின நாளே வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். பந்தியெல்லாம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிய பிறகு, மாலை ஆறு மணிக்கு வந்தாள். கூடவே ஆறாம் வகுப்புச் சீருடையில் மகள், முதுகில் பையோடு. எனக்குச் சரியான கோபம். "இன்னைக்கு அவளுக்கு என்ன பரீட்சையாக்கா?" என்று கேட்டேன்.

"பரீட்சை இல்லடே" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "பள்ளிக்கூடம் உண்டுல்லா."