லாண்டரி ரூமில் லாவெண்டர் - ஒரு கண்டனக் கூட்டம்

மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ... சரி, கூட்டத்தை ஆரம்பிப்போம்.

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்ம பொட்டி தட்டும் மக்களிடம் ஒரு வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. ஹாலை முடித்தாச்சு, கிச்சனை முடித்தாச்சு, இப்போ லாண்டரி ரூமில் கை வைத்திருக்கிறார்கள். கராஜுக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன ரூம். அதில் வாஷரும் டிரையரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அதுக்கு மேலே சுவரில் மூணு படம், வெளிறிய மர ஃபிரேமில். ஒண்ணு லாவெண்டர், ஒண்ணு ஃபாக்ஸ்க்ளவ், ஒண்ணு ஃபெர்ன். கீழே சாய்வெழுத்தில் லத்தீன் பேர். கேட்டால் "காட்டேஜ் ஸ்டைல் மச்சி, ரூமே எப்படி மாறிடுச்சு பாத்தியா?" என்கிறார்கள்.

மாறவில்லை என்பதுதான் என் கட்சி. சுவர் மாறியிருக்கிறது. ரூம் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு செடி கொடிப் படத்தின் மேல் எந்தக் கோபமும் இல்லை. சொல்லப்போனால் அந்தப் படங்கள் மேல் இருக்கிற மரியாதையால்தான் இந்தக் கூட்டமே. குற்றப்பத்திரிகையை வரிசையா வாசிக்கிறேன், பொறுமையா கேளுங்க.

முதல் குற்றச்சாட்டு: யார் வரைஞ்சதுன்னே தெரியாம மாட்டுறது.

இந்தப் படங்கள் சுவரை அலங்கரிக்க வரைந்தவை அல்ல. செடியை அடையாளம் காண வரைந்தவை. கையில் ஒரு செடியை வைத்துக்கொண்டு "இது அதுதானா?" என்று சரிபார்க்க வேண்டும். அதுக்காகத்தான் பூவைப் பிளந்து, சூலகம், மகரந்தம், விதை எல்லாம் தனித்தனியா கீழே வரைந்து எண் போட்டிருப்பார்கள். நம்ம ஆட்கள் சொல்ற மாதிரி சொன்னா, அது வால்பேப்பர் இல்லைங்க, டாக்குமென்டேஷன்! கடையில் விற்கிற பிரதியில் அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அதோடு சேர்ந்து ஓவியர் பேரும் போய்விடுகிறது. அப்புறம் பழசு மாதிரி தெரிய டீக்கறை கலர் ஒண்ணு அடிப்பார்கள். ஓப்பன் சோர்ஸ் கோடை எடுத்து, மேலே இருக்கிற லைசென்ஸ் கமென்டை அழித்துவிட்டு, தன் சரக்காக விற்றால் நாம எவ்வளவு குதிப்போம்? இங்கே மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம்.

அப்படி அழிந்த பேரில் ஒண்ணு எலிசபெத் பிளாக்வெல். கணவர் கடன்பட்டு ஜெயிலுக்குப் போய்விட்டார். அவரை மீட்கிறதுக்காக இந்த அம்மா லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டத்துச் செடிகளைப் பார்த்து 500 படம் போட்டார். வரைந்தது அவர், செம்புத் தகட்டில் செதுக்கியது அவர், வண்ணம் பூசியதும் அவரே. 1737 முதல் 1739 வரை 'எ க்யூரியஸ் ஹெர்பல்' என்று பகுதி பகுதியாக வெளிவந்தது. கணவர் வெளியே வந்தார், பிற்பாடு சுவீடனுக்குப் போய் ஒரு அரசியல் சதி வழக்கில் மாட்டி 1747-இல் தலையையே இழந்தார். அது வேறு கதை. புருஷன் கடனை அடைக்க ஒரு பெண் இரவு பகலாக உழைத்ததன் மிச்சம் அந்தப் படங்கள். இன்னிக்கு அதன் பிரதிகள் "மனசுக்கு அமைதி தரும்" என்று விற்பனைக்கு வருகின்றன.

இன்னொண்ணு நம்ம ஊர்க்கதை. ராபர்ட் வைட் (1796-1872) என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக மதராசுக்கு வந்தார். அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் வேலையில் கோயமுத்தூரிலும் பல வருஷம் இருந்தார். அவருக்குச் செடி வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, அவருக்கப்புறம் கோவிந்து. வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட 'ஐகோனீஸ்' நூலில் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். அந்தப் படங்களைத் திறந்து பாருங்கள், ஓரத்தில் பொடி எழுத்தில் 'ரங்கையா வரைந்தது', 'கோவிந்து வரைந்தது' என்ற அர்த்தத்தில் பேர் அச்சாகியிருக்கும். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவின் பேரையே 'கோவிந்தூவியா' என்று வைத்தார் வைட். இப்போ அதை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றாலும், வைத்தது வைத்ததுதானே? 2007-இல் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி நோல்டி இவர்களைப் பற்றி மூணு தொகுதி புத்தகமே போட்டார்.

கம்பெனிக்காரன் நம்ம ஆட்களுக்குச் செய்த கொடுமைக்குக் கணக்கே இல்லை. அந்தக் காலத்திலேயே படத்தில் பேர் இருந்தது. இந்தக் காலத்துக் கடைக்காரனுக்கு ஒரு வரி போட இடமில்லையாம்!

இரண்டாவது குற்றச்சாட்டு: 'காட்டேஜ்' என்கிற சொல்.

காட்டேஜ் என்றால் என்ன? இங்கிலாந்துக் கிராமத்தில் விவசாயக் கூலி குடியிருந்த வீடு. அந்தத் தோட்டத்தில் பூ கொஞ்சம்தான். முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, மூலிகை, கோழி எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. டார்செட் பக்கம் டோல்பட்டில் கிராமத்தில் வாரக்கூலி 7 ஷில்லிங்காக இறங்கி, இன்னும் குறைப்போம் என்று மிரட்டினபோது சங்கம் சேர்ந்த ஆறு பேரை 1834-இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதுவும் காட்டேஜ் ஸ்டைல்தான், ஆனா அதை யாரும் ஃபிரேம் போட மாட்டேங்கிறாங்க :-)

அந்த வீடுகளில் துணி துவைப்பது எப்படி? வழக்கமா திங்கட்கிழமை. கிணற்றிலிருந்து தண்ணி சுமந்து, பெரிய செம்புக் கொப்பரையில் கொதிக்க வைத்து, கையால் தேய்த்து, பிழிந்து, நீலம் போட்டு, வெளியில் கொடியில் காயப்போட்டு, அப்புறம் இஸ்திரி. ஒரு நாள் முழுசும் முதுகை உடைக்கிற வேலை. அதைச் செய்தது பெண்கள். பணக்கார வீட்டுத் துணியைக் கூலிக்குத் துவைத்தவர்களும் அவர்கள்தான். அந்தப் பெண்ணையும் கொப்பரையையும் கழித்துவிட்டு, தோட்டத்து ஓரத்து ஃபாக்ஸ்க்ளவை மட்டும் மிச்சம் வைத்ததுக்குப் பேர்தான் இந்த ஸ்டைல். இதில் பெரிய காமெடி, அதே செட்டில் ரெடூட்டேயின் ரோஜாவும் வரும். அந்த மனுஷன் மரீ ஆந்த்வானெத்துக்கும், அப்புறம் நெப்போலியன் மனைவி ஜோசஃபினுக்கும் படம் வரைந்தவர். அரண்மனை ஓவியர் வரைந்த ரோஜா, குடிசை ஸ்டைல்! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

மூன்றாவது குற்றச்சாட்டு, இதுதான் மெயின் மேட்டர்: கொடி.

சுவரில் கொடியைப் படமா மாட்டுகிறவர்கள் வாசலில் கொடி கட்ட முடியாது. அமெரிக்காவில் எத்தனையோ குடியிருப்புச் சங்கங்கள் வெளியில் துணி காயப்போடுவதைத் தடை செய்து வைத்திருக்கின்றன. காரணம்? பார்க்க ஏழைத்தனமா இருக்குமாம், வீட்டு விலை இறங்குமாம். இதை எதிர்த்து 'காயப்போடும் உரிமை' என்று ஒரு இயக்கமே நடந்தது. வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களில் 2009-இல் சட்டம் வந்தது. நம்ம மக்கள் கொட்டிக்கிடக்கிற கலிஃபோர்னியாவில் 2015-இல் ஏபி 1448 வந்தது. சொந்தப் பின்கட்டில் கொடியோ ஸ்டாண்டோ வைத்துக் காயப்போடுவதைச் சங்கம் மொத்தமாகத் தடுக்க முடியாது, நியாயமான கட்டுப்பாடு மட்டும் போடலாம். வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேணும். பால்கனிக் கம்பியில் போடுவது மட்டும் இந்தச் சட்டக் கணக்கில் வராது.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கிற ஊர் அது. அங்கே 240 வோல்ட் டிரையரை முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, பக்கத்தில் புல்வெளிப் படம் மாட்டி "இயற்கையோடு இணைந்த வாழ்க்கை" என்று சொன்னால் சிரிப்பு வருமா வராதா? கதவைத் திறந்தால் நிஜப் பின்கட்டு, நிஜ சூரியன். இத்தனைக்கும் நாம மொட்டை மாடியில் கொடி கட்டி, மழை வந்தால் நாலு மாடி ஏறி ஓடின பரம்பரை.

"மகரந்த அலர்ஜி இருக்கே", "மினசோட்டாவில் ஜனவரியில் எங்கே காயப்போட?" என்று கேட்கலாம். நியாயம். டிரையரைத் தூக்கிக் கடாசச் சொல்லவில்லை. முடிகிற நாளில் முடிகிற துணியைக்கூட வெளியே போடாமல், வெளியைப் படமாக உள்ளே கொண்டுவருவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

"வேலை செய்யுற இடம் அழகா இருந்தா நல்லதுதானேப்பா?" இதுதான் எதிர்க்கட்சியின் பலமான வாதம். நல்லதுதான். ஆனா அந்த ரூமில் வேலை செய்கிறது யார்? பெரும்பாலான நம்ம வீடுகளில் பதில் தெரிந்ததுதான். ரெண்டு பேரும் ஆபீஸில் ஆணி புடுங்கிவிட்டு வருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மூணு கூடை துணியை மடிப்பது ஒருத்தர் மட்டும். இன்னொருத்தர் சனிக்கிழமை லெவல் வைத்து, நூல் பிடித்து மூணு படம் மாட்டிவிட்டு, "உனக்காகத்தான் இந்த ரூமை அழகாக்கினேன்" என்கிறார். அடங்கப்பா! அந்த ரூமில் நிற்கிறவருக்கு வேண்டியது இடுப்பு உயரத்துக்கு ஒரு மடிப்பு மேசை, கண்ணைக் குத்தாத வெளிச்சம், எட்டுகிற உயரத்தில் அலமாரி. எல்லாத்துக்கும் மேல, மடிக்க இன்னொரு ஜோடிக் கை. வேலையைப் பங்கு போடாமல் சுவருக்கு பூ வைக்கிறதுக்குப் பேர் அழகுணர்ச்சி இல்லை, லஞ்சம்.

இன்னொரு விஷயம். டிரையருக்குப் பின்னால் போகிற நாலு இஞ்சுக் குழாயை எத்தனை பேர் சுத்தம் செய்கிறார்கள்? அமெரிக்காவில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டிரையர் தீ விபத்து நடக்கிறது. சுத்தம் செய்யாமல் விடுவதுதான் முக்கியக் காரணம் என்று தீயணைப்புத் துறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படத்தைத் துடைக்கிற கை அந்தப் பஞ்சையும் எடுக்கட்டும்.

தீர்மானங்கள்:

படம் மாட்டித்தான் ஆகணும் என்றால் மாட்டுங்கள், காசு கொடுக்காமலே. வைட்டின் நூல்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியில் முழுசா கிடைக்கின்றன, காப்புரிமை காலாவதியாகி ரொம்ப நாளாச்சு. 'ஐகோனீஸ்' படங்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம், சாதா பிரின்டரிலேயே அருமையா வரும். கலர்தான் வேணும் என்றால் நீலகிரிச் செடிகளுக்காகவே அவர் போட்ட 'ஸ்பிசிலேஜியம்' இருக்கிறது. பூவின் உள்பாகங்களையும் ரங்கையா பேரையும் வெட்டாமல் அச்செடுங்கள். ஈரம் படுகிற ரூம், காகிதம் பூஞ்சை பிடிக்கும், வாஷருக்கு நேர் மேலே வேண்டாம்.

அப்புறம் பின்கட்டில் ஒரு கொடி கட்டுங்கள். உங்கள் மாநிலச் சட்டத்தையும் சங்க விதியையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். சங்கம் நோட்டீஸ் அனுப்பினால் பயப்படாமல் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேளுங்கள். ஆபீஸ் கோட் ரிவ்யூவில் ஒரு அரைப்புள்ளிக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுகிற ஆட்கள்தானே நாம?

கடைசித் தீர்மானம் ஆண் பதிவர்களுக்கு மட்டும். சுத்தியலைக் கீழே வையுங்க. கூடையைத் தூக்குங்க.

டிஸ்கி: "லாண்டரி ரூமைக்கூட விட்டு வைக்க மாட்டியா?" என்று திட்ட வருகிறவர்கள், முதலில் இந்த வாரத் துணியை மடித்துவிட்டு வரவும். :-)