மேய்ச்சற் புல்லும் அட்டவணை எண்ணும்

தீவனச் சத்து அட்டவணையில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நேராக ஓர் எண் இருக்கும். விரிவாக்கப் பணியாளர் அதனைக் குடியானவருக்கு எடுத்துரைப்பார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். அவ்வெண் எந்த மாதத்துப் புல்லுக்குரியது என வினவுவோர் அரியர். இக்குறை சிறிதன்று.

காங்கேயம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலியிட்ட கொரங்காடுகளை அறியாதார் இலர். ஐப்பசி மழையில் தழைக்கும் கொழுக்கட்டைப் புல்லில், பூ வெளிவருமுன், உலர் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையிலும் அதற்கு மேலும் புரதம் காணலாம். விதை உதிர்ந்து, தாள் முற்றி, பங்குனி வெயிலில் நிற்கும் அதே தூரில் அது நான்கு பங்களவுக்கு இறங்கிவிடுகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு வேண்டும். அதற்குக் குறைந்தால் அவை நாரைச் செரிப்பதில் தளர்கின்றன. மாடும் புல் தின்பதைக் குறைத்துக்கொள்கிறது. காடு நிறையப் புல் நிற்க, மாடு மெலிவதன் காரணம் இதுவே. பாஸ்பரஸும் உடன் குறைகிறது. அட்டவணையை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்தியவருடைய பசு கோடையில் எலும்பைக் கடிக்கத் தலைப்படுமாயின், பழி பசுவினுடையதன்று.

எண் பிறக்கும் முறையையும் நோக்க வேண்டும். 1883ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் கெல்டால் வகுத்த முறைப்படி, புல்லைக் கந்தகத் திராவகத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்குகின்றனர், வருவது புரதம் எனப்படுகிறது. நல்ல முறைதான். எனினும் அது நைட்ரஜனை எண்ணுமேயன்றி, மாட்டுக்குச் செரிப்பதை எண்ணாது. இராஜஸ்தானத்தில் கால்நடைகளுக்கு வெட்டிப் போடும் வன்னித் தழை அட்டவணையில் உயர்ந்து நிற்பது; ஆனால் அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், ஒரு பகுதி சாணத்தோடு கழிந்துவிடுகிறது. இதற்காக மரத்தீவனத்தை இகழ்தல் தகாது. கோடையில் வெள்வேல் நெற்றுகள் உதிராவிடில் கொரங்காட்டு ஆடுகளின் பாடு திண்டாட்டமே.

ஜான்சியில் 1962இல் தோன்றிய இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் முதலியவை ஆய்ந்து தரும் எண்கள் மதிக்கத்தக்கவை. ஆயினும் தில்லியில் அச்சாகும் அட்டவணை மூலனூரைச் சேரும்போது, புல்லின் பருவம் வழியிலேயே உதிர்ந்துவிடலாகாது. ஆகவே, மாதிரி அனுப்பும் களப்பணியாளர் புல்லின் பெயரோடு, அறுத்த நாள், பூத்ததா அன்றா, கடைசி மழை எப்பொழுது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். மற்றொன்று: அரிவாள் தாளையும் இலையையும் சேர்த்து அறுக்கும், மாடோ இலையைத் தேர்ந்து தின்னும். மாட்டின் பின்னே நடந்து, அது கடித்த பகுதியையே கையால் கிள்ளி எடுக்கும் மாதிரியே உண்மைக்கு அணித்தானது. இவ்வேலையை அலுவலகத்து மேசையிலிருந்து செய்தல் இயலாது.

ஆசிரியர்களுக்கு ஆய்வுக்கூடமும் தேவையில்லை. கார்த்திகையில் ஒரு தூரும் பங்குனியில் ஒரு தூரும் பறித்து, இலையையும் தாளையும் பிரித்து, நிழலில் உலர்த்தி, மாணவர்களைக் கொண்டு எடை போடச் செய்யலாம். தராசு ஒன்று போதும்.