பல்வரிசையும் வேரின் கணக்கும்

பல்லுக்குக் கிளிப் போடுவது இன்று பள்ளிப் பருவத்தின் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. தெற்றுப்பல் நேராகும், எடுப்பான பல் உள்ளடங்கும் என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. அதே கம்பி பல்லின் வேரைக் கரைக்கவும் கூடும் என்பது மட்டும் பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தின் பொடியெழுத்துகளுக்குள் ஒடுங்கிவிடுகிறது. இந்த மௌனம் முறையன்று என்பதே என் தரப்பு.

விஷயம் புதிதும் அன்று. அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ஆல்பர்ட் கெச்சம் 1927லும் 1929லும் எக்ஸ்ரே படங்களின் துணையோடு இதைப் பற்றி எழுதினார்.

பல்லை நகர்த்துவதென்பது எலும்பை ஒருபுறம் கரைத்து மறுபுறம் வளரவிடும் வேலை. பல்லையும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய நார்த்திசு அழுத்தத்தில் நசுங்கி, ரத்த ஓட்டமின்றிச் சில இடங்களில் மடிகிறது. மடிந்ததை அப்புறப்படுத்த வரும் செல்கள் வேரின் மேற்பூச்சையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. சிறு பள்ளங்களை உடல் தானே நிரப்பிக்கொள்ளும். நுனி கரைந்து குறுகிய வேரோ மீண்டும் நீள்வதில்லை. மேல்தாடை முன்பற்களில்தான் இது மிகுதி. பெரும்பாலோருக்கு இழப்பு மிகச் சிறிதே. நூற்றில் ஒரு சிலருக்கு 4 மில்லிமீட்டரையோ வேரின் மூன்றிலொரு பங்கையோ தாண்டிவிடுகிறது. வலியே இராது; எக்ஸ்ரே எடுத்தாலொழியத் தெரியவும் தெரியாது. கம்பிக்குப் பதில் ஒளிபுகும் உறைகளை அணிந்தாலும் ஆபத்து முற்றிலும் விலகுவதில்லை.

யாரையும் மிரட்டுவது நோக்கமல்ல. விசை நின்றதும் கரைதலும் பொதுவாக நின்றுவிடும். குறுகிய வேருள்ள பற்களும் பெரும்பாலும் பல்லாண்டுகள் நிலைக்கின்றன. கடிக்கவும் துலக்கவும் இடர்ப்படும் பல்வரிசைக்குச் சிகிச்சை தேவைதான். ஆனால் அழகு ஒன்றே காரணமாகும்போது கணக்கு மாறுகிறது. கையெழுத்திடுபவர் பெற்றோர், வேரை இழப்பது 12 வயதுப் பிள்ளை. முதுமையில் ஈறுநோயால் எலும்பும் தேயும்போதுதான் அந்தக் குறைவு உறைக்கும்.

ஆகவே கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. தொடங்குமுன் வேர்களின் எக்ஸ்ரே. ஏறத்தாழ ஆறு மாதத்தில் முன்பற்களுக்கு மீண்டும் ஒன்று. கரைவு தென்பட்டால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்திவைத்து, சிகிச்சையின் இலக்கையே சுருக்கிக்கொள்ளும் துணிவு. கேள்வி கேட்டால் மருத்துவர் மனம் நோகும் என்ற தயக்கம் நம்மிடம் மிகுதி. நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்கவே செய்வார். கேளாமலே அவர் சொல்லிவிடுவது அதனினும் நன்று. அதுவும் பெற்றோரிடம் மட்டுமல்லாமல், நாற்காலியில் வாய் திறந்து கிடக்கும் பிள்ளையிடமும்.