முன்னாடி சத்தம் வருதா? உடனே ஷாக்கை மாத்தாதே!

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஆண்டு மலர் என்றால் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை, நட்பைப் பற்றி ரெண்டு கவிதை, காதலைப் பற்றிப் பத்துக் கவிதை என்று இருக்கும். இருக்கட்டும், அதுவும் வேண்டும். ஆனால் நான் எழுதப்போவது காரின் முன்பக்கத்தில் வரும் "டொக் டொக்" சத்தத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் ரெண்டு மாதத் தவணை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவது அடுத்தவன் காசில் ஆடும் சூதாட்டம். நாமும் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போய் அதே ஆட்டத்தைத்தான் ஆடப்போகிறோம் என்றால், இந்த மூன்று வருஷம் எதுக்கு?

நம்ம ஊர்ப் பசங்களுக்கு வண்டியை இறக்குறது என்றால் ஒரு கிறுக்கு. வீல் ஆர்ச்சுக்குள் டயர் புதைந்து நிற்க வேண்டும், அப்போதுதான் கெத்து. முறையாகச் செய்பவர்கள் அதற்கென்று தயாரித்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் வாங்கிப் போடுவார்கள். காசு இல்லாதவர்கள் இருக்கிற காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ வெட்டிவிடுவார்கள். அதிலும் சிலர் கேஸ் வைத்து வெட்டுகிறார்கள். பட்டறைச் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும் என்று நமக்கு முதல் மெட்டலர்ஜி பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா?

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஸ்பிரிங் ஃபார்முலா படித்தோம். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் விறைப்பு கூடும். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி 5. விறைப்பு 20 சதவீதம் ஏறும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்காதவர் யாருமில்லை. ஆனால் அந்தக் கணக்கை ஒரு நாளாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறோமா?

எங்கள் தெருவில் ஒரு டிரைவர் அண்ணன். பத்து வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டு, தவணையில் சொந்தமாக ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். முன்னால் வைத்திருந்தவர் ஒரு காலேஜ் பையனாம். வண்டி பார்க்க அம்சமாக இருந்தது, கொஞ்சம் தாழ்வாக. ஒரே மாதத்தில் இடது பக்கம் சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "ஷாக் போச்சுண்ணே" என்று ரெண்டு முன் ஷாக்கையும் மாற்றினார்கள். பத்து நாள் கழித்துச் சத்தம் அதே சத்தம். மறுபடி போனார். "அப்ப லோயர் ஆர்ம்தான்" என்று ரெண்டு ஆர்மையும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் அமைதி. மூணாவது மாதம் பழைய சத்தமும் வந்தது, கூடவே புதுசாக ஒன்றும் வந்தது. மூணாவது முறை போனபோது ஸ்டியரிங் ரேக்கை மாற்றலாம் என்றார்களாம்! அதற்குள் ரெண்டு தவணை நின்றுபோய் ஃபைனான்ஸ்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குப் போகிறேன். அங்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி ஸ்பேனரையே தொடவில்லை. முதல் வேலையாக டிக்கியைக் காலி பண்ணச் சொன்னார். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி கேன் எல்லாம் வெளியே. ஜாக்கி உருளும் சத்தத்துக்கு முன் சக்கரத்தைக் கழற்றினவர்களை அவர் பார்த்திருக்கிறாராம். அப்புறம் தெருவில் ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

சத்தத்துக்கு நம் தமிழில் எத்தனை வார்த்தை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். சின்னச் சின்னக் குழியில் "லொட லொட" என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு. அதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு. ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் பார் முறுக்காது, சத்தம் குறையும். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் முறுக்கும், சத்தம் கேட்கும். லிங்கை ஆட்டிப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போடக்கூடாது. முறுக்கிய பார் லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த லிங்க்கூட நல்ல லிங்க் மாதிரி நடிக்கும். தாழ்த்திய வண்டியில் பாரின் கோணமே மாறிவிடுவதால் சில சமயம் அது ஆர்மையோ டிரைவ் ஷாஃப்டையோ போய்த் தொடும். தொட்ட இடத்தில் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கும். கண் இருந்தால் போதும், கருவி வேண்டாம்.

வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று வந்தால் மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுண்டும் அதன் பேரிங்கும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் கை வைத்தால் விரலிலேயே தெரியும். பெரிய பள்ளத்தில் மட்டும் "டொம்" என்றால் பம்ப் ஸ்டாப். இறக்கிய வண்டியில் ஷாக் உள்ளே போக இடம் குறைவு, சீக்கிரமே போய் முட்டிக்கொள்ளும். முட்டுகிறதா என்று சந்தேகம் இருந்தால் ஷாக் ராடில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டிவிட்டு ஒரு ரவுண்டு போய்வந்தால் அது எதுவரை ஏறியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால் அது பிரேக் பேடோ காலிப்பரோ, சஸ்பென்ஷனைத் திட்டாதீர்கள். ரிவர்ஸ் எடுத்து முன்னால் போகும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். முழுசாகத் திருப்பிக்கொண்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் "டக் டக் டக்" வருவது வெளி சி.வி. ஜாயிண்ட், அது வேறு கதை.

அண்ணன் வண்டியில் வந்தது "டங்". வேகத்தடையில் ஏறும்போது இல்லை, இறங்கி உட்காரும்போது. மேஸ்திரி வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருகினார். பம்பரம் மாதிரி சுற்றியது!

விஷயம் இதுதான். கம்பெனி ஸ்பிரிங் எப்போதும் சீட்டுக்குள் அழுந்தியே இருக்கும், சக்கரம் முழுசாகத் தொங்கினாலும். வெட்டிய ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் இல்லை. சக்கரம் தொங்கும்போது இடைவெளி விழும், வண்டி உட்காரும்போது ஸ்பிரிங் போய் சீட்டில் அறையும். அதுதான் அந்த "டங்". வெட்டின முனை சீட்டின் படியில் சரியாகவும் உட்காராது.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நல்ல ஸ்பிரிங் உள்ள ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டுமானால் ஸ்பிரிங் கம்ப்ரசர் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடித்துவிடும். அந்த ஒர்க்‌ஷாப்பில் புது ஷாக் போட்டபோது கம்ப்ரசர் இல்லாமலேயே மேல் நட் சாதுவாகக் கழன்று வந்திருக்கும். கையில் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. அவன் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். வெட்டின ஸ்பிரிங்கையே துடைத்துப் புது ஷாக்கில் மாட்டி, பில்லும் போட்டார்கள்.

ரெண்டாவது சத்தம்? புது லோயர் ஆர்மின் புஷ் ரப்பர் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. "மட்டமான சரக்கு" என்றார் மேஸ்திரி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வண்டிகளில் இந்தப் புஷ் சுழலும் பேரிங் மாதிரி கிடையாது. போல்ட்டை இறுக்கினதும் உள் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கின நிமிஷத்திலிருந்து அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். தாழ்த்திய வண்டி என்றால் முறுக்கு இன்னும் அதிகம், ஆர்ம் இன்னும் மேலே போய்விடுகிறதே. அதனால் முதலில் போல்ட்டைக் கையளவுக்கு விட்டு, வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். நான் ஈரத் துண்டை முறுக்கிக் காட்டி இதைச் சொன்னேன். மேஸ்திரி, "முப்பது வருஷமா தொங்கவிட்டுத்தான் டைட் பண்றேன் தம்பி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உன் இஷ்டப்படி பண்ணு, பாப்போம்" என்றார்.

சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலின் கம்பெனி ஸ்பிரிங் ஒரு ஜோடி பழசாகக் கிடைத்தது. ரெண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் சரிபார்த்து மாட்டினோம். ரெண்டு புஷ் புதுசு. போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்கினோம். மொத்தச் செலவு அவர் முன்பு கொடுத்ததில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்தப் பழைய பணம்? அது போனது போனதுதான்.

நண்பர்களே, வண்டியை இறக்காதே என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் சாதாரணக் காரின் வயிறு தரையிலிருந்து 160, 170 மில்லிமீட்டர் சொச்சம். 2 இஞ்ச் இறக்கினால் 50 போச்சு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர், அதுவும் 3.7 மீட்டர் அகலத்தில் சாய்வாக இருக்க வேண்டும். நம் ஊரில் கவுன்சிலர் வீட்டு முன்னால் போடும் தடையை யார் டேப் வைத்து அளந்தார்கள்? நாலு பேர் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். சட்டமும் இருக்கிறது. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. நீங்கள் ரெண்டு வருஷம் கெத்தாக ஓட்டிவிட்டு விற்றுவிடுவீர்கள். வாங்குகிறவர் எங்கள் தெரு அண்ணன் மாதிரி ஒருத்தராக இருப்பார். வெட்டியது நீங்கள், கட்டுவது அவர்.

இனி நம் பிழைப்புக்கு வருவோம். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியவன் நான்தான் முதல். அப்பா லாரி ஷெட்டில் லோடு ஏற்றுகிறவர். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் "எஞ்சினியர் தம்பி"யைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஆட்டோமொபைலும் மிக்ஸியும் ஒன்றுதான், பாவம். அவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு காரணம். என்ன ரிப்பேர், எதனால், எவ்வளவு ஆகும்? இதைச் சொல்ல நமக்கு எங்கே பழக்கம் கொடுத்தார்கள்? நம் லேபில் ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டத் தெரியும். வெட்டி வைத்த எஞ்சினைப் பார்த்துப் படம் வரையத் தெரியும். எல்லாமே நன்றாக இருக்கும் பாகங்கள், இல்லையென்றால் துருப்பிடித்துச் செத்த பாகங்கள். நோயோடு உயிராக இருக்கும் ஒரு வண்டியை நாம் பார்த்ததே இல்லை. மேஸ்திரிக்குக் காது இருக்கிறது, "ஏன்" என்பது வராது. நமக்கு "ஏன்" மனப்பாடம், காது கிடையாது. ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சங்கத்துக்கு என் கோரிக்கை சின்னது. ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறதே, கோழி அடைகாக்கிறதே, அதுதான். அதை ஓடவைப்போம். வாரம் ஒருமுறை இன்ஸ்ட்ரக்டர் அதில் ஒரு குறை வைக்கட்டும். ஒரு நாள் லிங்க் நட்டைத் தளர்த்தட்டும், ஒரு நாள் தேய்ந்த புஷ் போடட்டும், ஒரு நாள் டிக்கியில் ஒரு ஸ்பேனரை மட்டும் போட்டு வைக்கட்டும். மாணவன் கருவியைத் தொடும் முன் ஒரு தாளில் எழுத வேண்டும்: என்ன சத்தம், எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதைச் சந்தேகப்படுகிறான், அதை எப்படிச் சோதிப்பான். அந்தத் தாளுக்குத்தான் மார்க். கழற்றி மாட்டியதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ஆசிரியர்கள் சிலரிடம் பேசினேன். நேரம் இல்லை, அனுமதி வேண்டும், யார் பொறுப்பு என்றார்கள். நியாயம்தான். ஆனால் சனிக்கிழமை மதியம் வண்டிக்கு அடியில் படுக்க எங்கள் செட்டில் மட்டும் ஒன்பது பேர் தயார்.

தேவைப்படுவது நாலு டயர், ஒரு பேட்டரி, ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்ட், வளாகத்துக்குள் ஒழுங்கான அளவில் ஒரு வேகத்தடை. நான் ஏப்ரலில் போய்விடுவேன். அடுத்த சங்கத் தேர்தலில் யார் இதை நோட்டீசில் போடுகிறார்களோ, எங்கள் டிபார்ட்மெண்ட் ஜூனியர்களின் ஓட்டு மொத்தமும் அவர்களுக்குத்தான். இப்போதே பேசி வைத்துவிட்டேன்.