பிரஷர் வாஷரும் மொட்டை மாடியும்

போன வருடம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் என் மனைவி பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் சமையலறை என் பொறுப்பில் இருந்தது. என் ரசத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

விஷயம் கேள்விப்பட்ட மகன் பெங்களூரிலிருந்து ஒரு பிரஷர் வாஷர் அனுப்பி வைத்தான். "அப்பா, இனிமே பிரஷ் போட்டு தேய்க்க வேண்டாம். குழாயை மாட்டுங்க, பட்டனை அமுக்குங்க, அவ்வளவுதான்" என்றான். 120 பார், 1,600 வாட், நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது.

இப்போது நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இந்த இயந்திரம் வந்துவிட்டது. பெரும்பாலும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. இரண்டு முறை ஓட்டிவிட்டு, "சரியில்லை" என்று மாடிப்படிக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு வருட அனுபவத்தில் என் அபிப்பிராயம் இதுதான்: இயந்திரம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. நம் வீட்டுத் தண்ணீரையும் நம் ஆசையையும்தான் சரி பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர்க் கதை. ஆவணியில் ஒரு நாள் மொட்டை மாடியைக் கழுவலாம் என்று மேலே தூக்கிக்கொண்டு போனேன். டேங்க் பக்கத்தில் உள்ள குழாயில் மாட்டி ஓட்டினேன். தண்ணீர் பீய்ச்சும், நிற்கும், மறுபடி பீய்ச்சும். மோட்டார் சத்தமும் ஏறி ஏறி இறங்கியது. பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனேன். அவரும் தன் கடைக் குழாயில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப் போச்சு சார். 4,500 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன்.

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே எங்களுக்குப் பழக்கிய முதல் பாடம், பழுது என்றால் கடைசியில் இருக்கும் விளக்கைப் பார்க்காதே, சப்ளை வருகிறதா என்று முதலில் பார் என்பது. வீட்டுக்கு வந்ததும் ஒரு 15 லிட்டர் வாளியை அந்த மாடிக் குழாயின் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிறைய நான்கு நிமிடம் ஆனது. அதாவது நிமிடத்துக்கு நான்கு லிட்டர்கூட வரவில்லை. இயந்திரம் கேட்பது ஆறு. வராத தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டு அது திணறியிருக்கிறது.

காரணம் எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம். நம் மாடி டேங்க் மூன்றடி மேடையில் உட்கார்ந்திருக்கிறது. மாடியிலேயே திறந்தால் அழுத்தம் ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். தெருக்குழாயில் எப்போதும் வேகமாகத் தண்ணீர் வரும் ஊர்களை மனதில் வைத்துத்தான் இந்த இயந்திரங்களின் கையேடுகளில் "குழாயில் இணைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சம்ப், மோட்டார், மேல் டேங்க் என்று வாழும் நமக்கு அந்த ஒரு வரி போதாது. அந்த மெக்கானிக்கையும் நான் குறை சொல்லவில்லை. அவர் கடைக் குழாயிலும் தண்ணீர் அப்படித்தான் வந்தது.

தரைத்தளக் குழாயில் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. அங்கே மாட்டினேன். இயந்திரத்தைப் போடுவதற்கு முன் துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்து, காற்றுக் குமிழ் எல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும் வரை விட்டேன். பிறகு சுவிட்சைப் போட்டேன். பழைய திணறல் இல்லை. 4,500 ரூபாய் மிச்சம். மாடிக்கு வேண்டுமென்றால் வாளியிலிருந்து உறிஞ்சும் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன. என்னுடையது அப்படிப்பட்டது. நுனியில் வடிகட்டி வைத்த கெட்டியான குழாய் வேண்டும், அதில் முதலில் தண்ணீர் நிரப்பிவிட்டு ஓட்ட வேண்டும். வளவளப்பான தோட்டக் குழாய் உறிஞ்சும் வேகத்தில் சப்பிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு தெருவில் நான்கு வீட்டு இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலை வடிகட்டி போர் மணலால் அடைத்திருந்தது. கழற்றி அலசியதோடு சரியாகிவிட்டது. இன்னொன்றில் நாஸில் துளையில் உப்பு படிந்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்து, ஒரு இரவு வினிகரில் போட்டு வைத்தோம். மூன்றாவதில் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. சீரியல் பல்பு போடும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தார்கள். 1,600 வாட் என்றால் சுமார் ஏழு ஆம்பியர். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும், வயரும் சூடாகும். பவர் பிளக்கில் நேராக மாட்டியதும் ஓடியது. நான்காவதில் விசையை விட்ட பிறகும் மோட்டார் விட்டு விட்டுத் தானாக ஓடியது. விசையை விட்டால் அழுத்தம் நிலைத்து மோட்டார் நிற்க வேண்டும். தானாக ஓடுகிறது என்றால் எங்கோ கசிகிறது. துப்பாக்கியில் குழாய் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. மாற்றினோம். நான்கில் ஒன்றிலும் பம்ப் போகவில்லை.

இதுவரை என் கெட்டிக்காரத்தனம். இனி என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் சரியானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கறுத்துக் கிடந்த சந்துத் தரை வெள்ளையாக மாறுவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. அந்த வேகத்தில் மாடிக்குப் போய், தட்டு ஓடு பதித்த தளம் முழுவதையும், நாஸிலைச் சாணளவு பக்கத்தில் வைத்து அடித்தேன். "ஏங்க, போதுங்க, ஓட்டுக்கு நடுவுல இருக்கறதெல்லாம் பேந்து வருது" என்று என் மனைவி படியிலிருந்து சொன்னாள். "அது அழுக்கு" என்றேன்.

அது அழுக்கு இல்லை. முப்பது வருடத்துக்கு முன் கொத்தனார் ஓட்டு இடுக்குகளில் பூசிய பூச்சு. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது பூஜை அறைக் கூரையில் ஈரம் இறங்கியது. இடுக்குகளைச் சுரண்டி மறுபடி பூச, ஆளுக்கும் பொருளுக்குமாகப் பதினோராயிரம் ரூபாய் ஆனது. மெக்கானிக்கிடம் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

120 பார் என்பது கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்கு. கான்கிரீட் தரை, கார் நிற்கும் இடம், இரும்பு கேட், சந்து இவை தாங்கும். தட்டு ஓடு, பழைய சுண்ணாம்புச் சுவர், பெயர்ந்த பெயிண்ட், ஏ.சி.யின் வெளி யூனிட்டில் உள்ள மெல்லிய தகடுகள் தாங்காது. மீட்டர் பெட்டிப் பக்கம் போகவே கூடாது. மாடிப் பாசிக்கு இன்றைக்கும் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும்தான் சரியான மருந்து.

கை காலுக்கும் அதே எச்சரிக்கைதான். அந்தத் தண்ணீர் பக்கத்தில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். அப்படிப் பட்டால் மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று ஓட்டாதீர்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வீட்டில் ஈ.எல்.சி.பி. இல்லையென்றால் இயந்திரத்துக்கு முன் அதை வாங்குங்கள். பேரக் குழந்தைகள் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். முடித்ததும் சுவிட்சை அணைத்து, குழாயை மூடி, விசையை ஒரு முறை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றுங்கள்.

தண்ணீர் வீணாகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்கள் நாம். கேள்வி நியாயமானது. சாதாரணக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் போகும். இது ஆறுதான் குடிக்கிறது. ஆனால் போதை ஏறி ஒரு மணி நேரம் அடித்தால் 360 லிட்டர். சிக்கனம் இயந்திரத்தில் இல்லை, எப்போது நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது.

வருடத்துக்கு நான்கு முறை தேவைப்படும் பொருள் இது. வீட்டுக்கு ஒன்று எதற்கு? நான்கு வீட்டுக்கு ஒன்று போதும். என்னுடையது இப்போது எங்கள் தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் போய் வருகிறது. கூடவே நானும் போகிறேன். ஒரு காபி கிடைக்கும், ஓட்டு இடுக்கில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே.

சந்தில் இந்த ஐப்பசியில் பாசி இல்லை. மழை விட்டதும் என் மனைவி சுவரைப் பிடிக்காமல் அதில் நடந்து போய்த் துளசிக்குத் தண்ணீர் விட்டாள். மகன் போனில், "மெஷின் யூஸ் ஆகுதாப்பா?" என்று கேட்டான். ஆகுது என்றேன். பூஜை அறைக் கூரையைப் பற்றி அவன் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.